காரமடையிலிருந்து தலைமன்னாருக்கு

காரமடை என்றதும் கோவைக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று அரங்கநாதர் கோயிலின் மாசித் தேர். பந்த சேவை, தண்ணீர் சேவை என்று தாசர்கள் ஊரை நிறைத்துவிடும் நாட்கள் அவை. மற்றொன்று கறிவேப்பிலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அறுத்து, கட்டுக்கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி, பொழுது சாய்வதற்குள் கேரளத்துக்கு லாரி ஏறும் சரக்கு அது.

காலை எட்டு மணி வாக்கில் மேட்டுப்பாளையம் சாலையில் டவுன் பஸ் ஏறுகிறவருக்கு மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் படும். காய்ந்த பெயின்ட் படிந்த பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ரோலர், பிரஷ், ஒரு டிபன் பாக்ஸ் என ஏறுகிறவர்களில் சிலர் கண்டக்டரிடம் "ஒரு டிக்கெட் குடுங்கண்ணா" என்று அச்சு அசலாகக் கொங்குத் தமிழில் கேட்பார்கள். அடுத்த நொடி பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "ஓம், நேற்றே கதைச்சனான்" என்பார்கள். கோவை வட்டாரத்தில் எழும்பும் புது வீடுகளில் பலவற்றுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவது இந்தக் கைகள்தான். இவர்களுக்குச் சொந்த வீடு கிடையாது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய வேடர் காலனி, சிறுவாணி சாலையில் பூலுவப்பட்டி, பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாறு, ஈரோடு மாவட்ட எல்லைக்குள் போனால் பவானிசாகர், அறச்சலூர் என்று கொங்கு மண்ணில் ஆங்காங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களே இவர்களுடைய விலாசம். வழி கேட்பதானால் 'சிலோன் கேம்ப்' என்றால்தான் டீக்கடைக்காரருக்குப் புரியும்.

ராமேஸ்வரம் கடற்கரைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நீலகிரி அடிவாரத்தில் இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 1987 வரைக்கும் வந்தவர்கள் மட்டும் 1,34,053 பேர். தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி, தனுஷ்கோடி மணல் திட்டுகளிலும் ராமேஸ்வரத்திலும் கரையேறியவர்கள். முதலில் மண்டபம் முகாம். அங்கே பெயர் பதிந்து, விசாரணை முடிந்து, எந்த மாவட்டத்தில் இடம் இருக்கிறதோ அங்கே லாரியிலும் பஸ்ஸிலும் அனுப்பப்பட்டார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது இன்னொரு பெரிய அலை, 1996க்குப் பிறகு ஒன்று, 2006க்குப் பிறகு ஒன்று. 2021இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். அவர்களில் 58,822 பேர் அப்போதும் முகாம்களில்தான் இருந்தார்கள்.

மூன்று லட்சம் பேரில் ஒருவராக வந்தவர்தான் எஸ்.சி. சந்திரஹாசன். தொழிலில் வழக்கறிஞர். 'தந்தை செல்வா' என்று ஈழத்தமிழர் அழைக்கும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன். அப்பாவின் வழியில் கட்சி அரசியலுக்குப் போயிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். முகாம்களில் அது 'ஒஃபர்' என்றே அறியப்பட்டது. அகதிகளுக்காக வெளியார் நடத்தும் நிறுவனமாக அது இருக்கவில்லை. அதில் வேலை பார்த்த ஆசிரியர்கள், சுகாதாரத் தொண்டர்கள், மனநல ஆலோசகர்கள், கணக்கு எழுதியவர்கள் என்று பெரும்பாலோர் அகதிகளே. கடல் தாண்டி வந்த ஒருவர், தன்னோடு கடல் தாண்டி வந்தவர்களை வைத்தே அதைக் கட்டினார்.

அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் நிறுவனர் இல்லாமல் போயிருக்கக்கூடும். 1985 ஜூலை, ஆகஸ்டில் இலங்கை அரசுக்கும் ஈழத்தமிழர் அமைப்புகளுக்கும் பூடான் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. கோபத்தில் இருந்த ராஜீவ் காந்தி அரசு, ஆகஸ்ட் கடைசியில் ஈழத்தமிழர் தரப்பைச் சேர்ந்த மூன்று பேரை நாடுகடத்த உத்தரவிட்டது: அன்ரன் பாலசிங்கம், என். சத்தியேந்திரா, சந்திரஹாசன். சந்திரஹாசன் அமெரிக்க விமானத்தில் ஏற்றப்பட்டார். நியூயார்க் வரை போன அவர் அந்த நாட்டுக்குள் நுழையாமலேயே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அதற்குள் தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பியிருந்தது, உத்தரவு கைவிடப்பட்டது. அகதிகளுக்காக வேலை செய்யத் தொடங்கியவரே இருக்க இடமில்லாமல் ஆகாயத்தில் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்த அந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், பிறகு அவர் நிறுவனம் காகிதங்களின்மீது ஏன் அத்தனை பிடிவாதம் காட்டியது என்பது விளங்கும்.

காகிதம் என்றால் என்ன காகிதம்? முகாம் வீடு ஒன்றின் அலமாரியிலிருந்து எடுத்துவரப்படும் பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் தெரியும். முகாம் குடும்ப அட்டை இருக்கும், ஓரம் செல்லரித்தது. அப்பாவின் பழைய இலங்கை அடையாள அட்டையின் நகல், முகம் கறுத்துப்போய் மீசை மட்டும் தெரியும். வவுனியாவிலோ மன்னாரிலோ இருக்கும் காணியின் உறுதி, மடித்த இடங்களில் கிழிந்து டேப் ஒட்டியது. கோவை அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அது மட்டும் லேமினேஷன் போட்டுப் பளபளக்கும். அந்தச் சான்றிதழால் பிள்ளை இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். இலங்கைச் சட்டப்படியோ, வெளிநாட்டில் பிறந்த குழந்தையைத் தூதரகத்தில் முறையாகப் பதிந்தால்தான் அது இலங்கைப் பிரஜை. பதிவதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் வேண்டும். குண்டுக்குப் பயந்து இரவில் படகேறியவர்கள் கல்யாணச் சான்றிதழைக் கையோடு கொண்டுவந்திருப்பார்களா?

ஆக, பவானி ஆற்றங்கரையில் பிறந்த குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்தது. ஒஃபர் தொண்டர்கள் முகாம் முகாமாகப் போய் இந்தக் கவர்களைப் பிரித்தார்கள். எந்தச் சான்று இல்லை, அதை இலங்கையில் எந்த அரசு அலுவலகத்தில் வாங்கலாம், சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் எந்தப் படிவம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் குடியுரிமைப் பதிவு கிடைத்தது இப்படித்தான். போரில் நொறுங்கிய ஊரைத் திரும்பக் கட்டுவது என்றால் நாம் செங்கல்லையும் சிமென்ட்டையும் நினைக்கிறோம். இங்கே அந்த வேலை ஊரிலிருந்து கடல் கடந்து, ஓலைப் பாயில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதில் தொடங்கியிருக்கிறது.

படிப்பும் அப்படியே. எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல், பாலிடெக்னிக் என்று அகதி மாணவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. செய்தவர்கள் யாரோ, பழி சுமந்தது முகாம் பிள்ளைகள். தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் போகவும் தடை வந்தது. 1996இல் கலைஞர் ஆட்சியில்தான் ஒதுக்கீடு திரும்பியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் பெயின்ட் வாளியைத் தூக்கினார்கள் என்று எந்த அரசும் எண்ணிப் பார்த்ததில்லை. முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியதும், சிமென்ட் தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கப் பெண்களைப் பழக்கி அதைச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுத்ததும், சுயஉதவிக் குழுக்கள் கட்டியதும் ஒஃபர் செய்த மற்ற வேலைகள். 2004 டிசம்பர் சுனாமி நாகப்பட்டினத்தை அடித்தபோது, அதில் பயிற்சி பெற்ற அகதிகளே நிவாரண வேலைக்குப் போனார்கள். அரசு தரும் மாதப் பணக்கொடையில் பிழைத்தவர்கள் இன்னொருவர் வீட்டு இடிபாட்டை அள்ளினார்கள். தமிழ்நாடு இதை இன்னும் கொஞ்சம் சத்தமாக நினைவில் வைத்திருக்கலாம்.

காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்ததும் சாலை இரண்டாகப் பிரிந்து மலை ஏறுகிறது. ஒன்று குன்னூருக்கு, மற்றொன்று கோத்தகிரிக்கு. இந்த மலையைப் பார்க்காமல் அடிவாரத்து முகாமைப் புரிந்துகொள்ள முடியாது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி 'தாயகம் திரும்பியோர்' வேலை செய்யவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய 'டேன்டீ' அதுதான். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் இன்றும் அவர்கள் வாரிசுகள் இருக்கிறார்கள். நட்டத்தைக் காரணம் காட்டி 2022இல் டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டி வருமோ என்று கலங்கிப்போனார்கள். இரண்டாவது முறையாக.

மலையகத் தமிழர் எனப்படும் இந்தத் தோட்டத் தொழிலாளர் எல்லாரும் கப்பலேறிவிடவில்லை. 1977 கலவரத்தில் தோட்டங்களில் அடிபட்டு, வடக்கே வவுனியாவுக்கு ஓடியவர்கள் பல ஆயிரம். அவர்களைக் குடியமர்த்தியது காந்தியம் என்ற இயக்கம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். ராஜசுந்தரமும் 1976இல் தொடங்கியது. காட்டைத் திருத்தி நிலம் கொடுத்து, கிணறு வெட்டி, பாலர் பள்ளி நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ராஜசுந்தரம் இரண்டாம் நாளில் கொல்லப்பட்டார், டேவிட் பிழைத்தார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 23 இரவு நடந்த சிறையுடைப்பில் தப்பி, தமிழ்நாடு வந்தார். முப்பது வருடம் இங்கேயே காலம் கழித்தார். கடைசியில் ஊர் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் கண்ணை மூடினார். குடியமர்த்திய மக்களோ 1984இலேயே கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து ராணுவத்தால் விரட்டப்பட்டார்கள். எஞ்சியோரில் பலர் 1990இல் படகேறி மண்டபம் வந்தார்கள்.

மண்டபம் முகாமுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது, நோய் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவைத்த இடமும் அதுதான். பாட்டன் கூலியாகப் பதிந்த அதே இடத்தில் பேரன் அகதியாகப் பதிந்தான். தமிழக முகாம்களில் இருப்போரில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் இப்படி இந்திய வம்சாவளியினர் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. 1948இல் ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய சட்டத்தை எதிர்த்து நின்று, அதன் தொடர்ச்சியாக 1949 டிசம்பரில் தனிக் கட்சி கண்டவர் செல்வநாயகம். முப்பத்தைந்து வருடம் கழித்து மகன் தொடங்கிய நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது அதே மக்களின் பிள்ளைகள், அதே பிரச்சினையோடு.

இவர்களுக்கு ஊர் எது? கண்டிச் சீமையில் பிறந்து, வவுனியாவில் காடு வெட்டி, மேட்டுப்பாளையத்தில் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் "உங்க ஊரைத் திரும்பக் கட்டித் தருகிறோம்" என்றால், அவர் எந்தத் திசையைக் காட்டுவார்?

ஒஃபர் பெரும்பாலும் காட்டிய திசை இலங்கை. போர் முடிந்ததும் மக்கள் திரும்ப வேண்டும், திரும்பும்போது வெறுங்கையாக இல்லாமல் படித்தவர்களாக, பயிற்சி பெற்றவர்களாகப் போக வேண்டும் என்பது சந்திரஹாசன் விடாமல் சொல்லிவந்த நிலைப்பாடு. இலங்கையிலும் 'ஒஃபர் சிலோன்' என்று ஒரு கிளை எழுந்து, திரும்பியவர்களுக்குத் துணை நின்றது. உலகத்தில் இதற்கு ஈடான முயற்சிகள் உண்டு. சூடான் உள்நாட்டுப் போரில் சிறுவனாக நடந்தே எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் தப்பி, பிறகு அமெரிக்காவில் குடியேறிய வலன்டினோ அச்சக் டெங், தன் வாழ்க்கையை டேவ் எக்கர்ஸ் எழுதிய நாவலின் வருமானத்தைக் கொண்டு அறக்கட்டளை வைத்தார். 2009இல் தன் பிறந்த ஊரான மரியால் பாயில் உயர்நிலைப் பள்ளி திறந்தார். அவருக்கு ஊர் எது என்பதில் குழப்பம் இல்லை. சந்திரஹாசனின் நிறுவனத்துக்கு இருந்த சிக்கல் அதைவிடக் கடினமானது. ஒரே முகாமில், ஒரே வரிசையில், திரும்பத் துடிக்கும் வவுனியாக்காரரும், திரும்ப எதுவும் இல்லாத மலையகத்துக்காரரும், மேட்டுப்பாளையத்தைத் தவிர வேறெதையும் பார்த்திராத இருபது வயதுப் பெண்ணும் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. திரும்புவதற்கு உதவிய அளவுக்கு, இங்கேயே தங்க விரும்பியவர்களின் குரலுக்கும் தொண்டு நிறுவனங்களும் கட்சிகளும் இன்னும் முன்னதாகவே வலு சேர்த்திருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சிறுமுகை வழியாகப் பவானிசாகர் போகிற சாலையில் பாக்குத் தோப்பும் வாழையும் முடிந்து காடு தொடங்குகிறது. சிறுமுகை நெசவாளர்களின் ஊர். அதற்கு அப்பால் லிங்காபுரம், காந்தவயல் பக்கம், பவானிசாகர் அணை நிறைந்துவிட்டால் பாலம் மூழ்கிப் பரிசலில் ஆற்றைக் கடந்த காலம் அங்கே எல்லாருக்கும் நினைவில் இருக்கிறது. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்த அணை அது. அணைக்கட்டு ஊரிலேயே கொங்குப் பகுதியின் பெரிய முகாம்களில் ஒன்று.

முகாம் வீடு என்பது பல இடங்களில் பத்துக்குப் பத்து அடி அறைதான். இடையில் சேலையைத் தொங்கவிட்டால் இரண்டு அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கவாட்டில் தகரம் வைத்து ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். மாதா மாதம் தணிக்கை உண்டு. வருவாய்த் துறை வரும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுபோகும். வெளியூரில் வேலை பார்ப்பவர் அந்த நாளுக்காகக் கூலியை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில், 231.54 கோடி செலவில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது ஒரு பகுதி. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அகதிகள் முகாம் என்ற பெயர்ப் பலகை மாறி, மறுவாழ்வு முகாம் ஆனது. தளம் போட்ட வீட்டுக்குள் முதல் முறையாக மழைக்குப் பயப்படாமல் தூங்குவது சின்ன விஷயம் இல்லை. அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது என்பதும் சின்ன விஷயம் இல்லை.

சட்டம் மெதுவாகவே நகர்கிறது. 2003இல் இலங்கை, இந்திய வம்சாவளி மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தரச் சட்டம் இயற்றியது. அது இந்தியாவில் அகதியாக இருந்தவர்களுக்கு எட்டவில்லை. 2009 திருத்தம்தான் அவர்களையும் சேர்த்தது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லவே இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியரே என்ற விதியைக் காட்டி வழக்காடினார். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வாக்களித்தார். அவர் வாழும் கொட்டப்பட்டு முகாமில் அன்று அது திருவிழா. 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9 வரை வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்று ஆணையிட்டது. 'சட்டவிரோதக் குடியேறி' என்ற கத்தி தலைக்குமேல் கொஞ்சம் விலகியது. குடியுரிமை இன்னும் இல்லை.

திரும்புகிறவர்களுக்கும் பாதை நேராக இல்லை. வலிகாமம் வடக்கில் 1990 முதல் ராணுவம் எடுத்துக்கொண்ட காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது, மீதிக்கு இன்னும் மக்கள் மறியல் செய்கிறார்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடம் தொடர்ந்தது. அந்த வேலைக்குப் போனவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் நிறையப் பேர். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழக முகாமிலிருந்து பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனார் என்ற குற்றச்சாட்டில் அங்கேயே கைதானார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் படகேறியது குற்றம் என்றால், முகாமில் யார்தான் பெட்டியைக் கட்டுவார்கள்? அந்தச் சட்டத்தைத் திருத்தாமல் திரும்பி வரச் சொல்லும் அழைப்புக்கு அர்த்தமே இல்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடத் தொடங்கினார்கள். சில மணி நேரப் பயணம். அதில் சாதாரணப் பயணியாக ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமைப் பதிவு வேண்டும், பதிவுக்குச் சென்னை போக வேண்டும், சென்னை போய்த் தங்கி வர முகாம் அதிகாரியின் அனுமதி வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் தினமும் இரவில் சென்னைக்குப் புறப்படுகிறது. அனுமதிக் கடிதத்தையும் அந்த பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்கொண்டு அதில் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.